வானூர்திப் பராமரிப்புப் பொறியாளர் (இந்தியா)

வானூர்திப் பராமரிப்புப் பொறியாளர் என்பவர், பராமரிப்போ பழுதுநீக்கமோ முடிந்த ஒரு வானூர்தி மீண்டும் பறக்கத் தகுந்த நிலையில் உள்ளது எனக் கையொப்பமிட்டுச் சான்றளிக்கும் உரிமம் பெற்றவர் ஆவார். தொழில் வழக்கில் இவர் ஏ.எம்.இ என அழைக்கப்படுகிறார். இந்தியாவில் இவ்வுரிமத்தைக் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் (டி.ஜி.சி.ஏ) வழங்குகிறது.

பொறியியல் பட்டமும் இவ்வுரிமமும் வேறுவேறானவை. வானூர்திப் பொறியியலில் முதல் வகுப்பில் தேறிய பட்டதாரியும், உரிமம் இல்லாத நிலையில், ஒரு சக்கரம் மாற்றப்பட்டதற்குக்கூடச் சான்றளிக்க இயலாது. மாறாக, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்துவிட்டு நேரடியாக உரிமப் பயிற்சிக்குச் சென்றவர் பட்டம் இல்லாமலே அவ்வதிகாரத்தைப் பெறலாம். பட்டம் முடித்த பின்னரே பலர் இதனை அறிகின்றனர்.

ஓசூர் - தளி பகுதி

தமிழ்நாட்டில் இத்தொழிலை அருகிலிருந்து காணக்கூடிய இடங்களுள் ஒன்று, கிருட்டிணகிரி மாவட்டத்தில் ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் உள்ள பேளகொண்டப்பள்ளி ஆகும். இங்கு தனேஜா ஏரோஸ்பேஸ் அண்ட் ஏவியேசன் என்னும் தனியார் நிறுவனத்திற்குச் சொந்தமான, ஏறத்தாழ 7,000 அடி நீள ஓடுபாதை உள்ளது. 1988 இல் பதிவு செய்யப்பட்ட இந்நிறுவனம், இத்தாலியின் பார்த்தனேவியா நிறுவனத்தின் பி.68சி என்னும் இரட்டைப் பொறி சிறுவானூர்தியை 1990களில் இங்கு தயாரித்தது. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா பயிற்சி வானூர்தியும் இங்கு கட்டப்பட்டது. பின்னாளில் ஏர் வொர்க்ஸ் நிறுவனம் இதே வளாகத்தில் பயணிகள் வானூர்திகளுக்கான பராமரிப்புக் கொட்டகைகளை (ஹேங்கர்) அமைத்தது. 1951 இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கப்போவதாக அதானி குழுமம் 2024 திசம்பரில் அறிவித்தது.

ஓசூர்ப் பகுதியின் பட்டதாரிகளில் பெரும்பாலோர் வாகன, உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் வேலை தொடங்குபவர்கள். அங்கு பெறும் அனுபவம் மதிப்புடையதே எனினும் உரிமத்திற்கான கணக்கில் அது வானூர்திப் பராமரிப்பு அனுபவம் ஆகாது. விதிகள் கேட்பது இயக்கத்தில் உள்ள வானூர்திகளின் மீது செய்த பராமரிப்பு வேலையையே. வானூர்திக்கான பாகங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை வேலைக்கும் இது பொருந்தும். ஒரே சாலையில், ஒரே வேலியின் இருபுறம் நடக்கும் உற்பத்தியும் பராமரிப்பும் உரிமத்தைப் பொறுத்தவரை இருவேறு தொழில்கள்.

கையொப்பத்தின் பொருள்

பட்டத்துக்கும் கையொப்பத்துக்கும் இடையே இத்தனை தடைகள் ஏன் வைக்கப்பட்டுள்ளன என்பதை விளக்க, 1990 சூன் 10 அன்று நிகழ்ந்த பிரித்தானிய ஏர்வேசு 5390 ஆம் பறப்பின் விபத்து பயிற்சி வகுப்புகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. பர்மிங்காமிலிருந்து மலாகா சென்ற பி.ஏ.சி 1-11 வானூர்தியின் விமானியறை முன்கண்ணாடி, ஏறத்தாழ 17,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் உடல் பாதிக்குமேல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவரது கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணைவிமானி வானூர்தியைச் சவுத்தாம்ப்டனில் தரையிறக்கினார். விமானி உட்பட அனைவரும் உயிர் பிழைத்தனர்.

அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்திற்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 மரையாணிகளில் 84 குறிப்பிட்ட அளவைவிட விட்டம் குறைந்தவை. எஞ்சிய ஆறும் நீளம் குறைந்தவை. இரவுப்பணி மேலாளர் பாகப் பட்டியலைப் பார்த்து எடுக்காமல், கழற்றிய பழைய ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணளவில் பொருத்தமானதைத் தேடினார். அவர் அனுபவம் குறைந்தவர் அல்லர் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. ஆள் பற்றாக்குறையால் வேலையைத் தாமே செய்து, தாமே சான்றளித்தார். வேறொருவர் சரிபார்க்கவேண்டும் என்ற கட்டாயம் அந்த வேலைக்கு அப்போது இல்லை. உரிமத் தேர்வுகளில் "மனிதக் காரணிகள்" தனிப்பாடமாக இடம்பெறுவதற்குப் பின்னணியில் இத்தகைய நிகழ்வுகளே உள்ளன.

உரிம வகைகள்

இந்தியாவில் உரிமம் நெடுங்காலம் 1937 ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளின் 61 ஆவது விதிப்படி பழைய வகைப்பாட்டில் வழங்கப்பட்டது. 2010களின் தொடக்கத்தில் ஐரோப்பிய முறையைப் பின்பற்றிய சி.ஏ.ஆர்-66 என்னும் விதித்தொகுதி நடைமுறைக்கு வந்தது. இவ்விதிகளுக்கு மூலமான 1934 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாகப் பாரதிய வாயுயான் அதினியம், 2025 சனவரி 1 முதல் செயற்படுகிறது.

'ஏ' வகை உரிமம் எளிய, வரையறுக்கப்பட்ட வேலைகளுக்கு உரியது. 'பி1' வானூர்தியின் கட்டகம், பொறி, இயந்திர மற்றும் மின் அமைப்புகளுக்கு உரியது. சுழலிப் பொறி வானூர்திக்கு பி1.1, உந்துதண்டுப் பொறி வானூர்திக்கு பி1.2, உலங்குவானூர்திகளுக்கு பி1.3, பி1.4 என அது பிரியும். 'பி2' மின்னணுவியல் மற்றும் மின் அமைப்புகளுக்கு உரியது. 'சி' வகையினர் கொட்டகையில் நடைபெறும் பெரும் பராமரிப்பு முடிந்தபின் முழு வானூர்திக்கும் சான்றளிப்பவர்கள். இயந்திரப் பொறியியல் பட்டதாரிகள் பெரும்பாலும் பி1.1 வகையையும், மின்னணுவியல் பட்டதாரிகள் பி2 வகையையும் நாடுவது இயல்பு.

உரிமம் பெறும் வழி

பத்துக்கும் மேற்பட்ட பாடக்கூறுகளில் தேர்வு எழுதவேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 75 விழுக்காடு. கணிதம், இயற்பியல், மின்னியல் அடிப்படைகள் பட்டதாரிக்குப் புதியவை அல்ல. வானூர்திச் சட்டம், பராமரிப்பு நடைமுறைகள், மனிதக் காரணிகள் ஆகியவையே கல்லூரியில் பெரும்பாலும் இல்லாதவை, ஆதலால் அதிக உழைப்பைக் கோருபவை.

தேர்வைவிட நீண்டது அனுபவக் காலம். பி1.1 அல்லது பி2 உரிமத்திற்கு, முன்பயிற்சி எதுவும் இல்லாதவருக்கு ஐந்து ஆண்டுகள், தொடர்புடைய தொழிற்பயிற்சி பெற்றவராக இயக்ககம் ஏற்பவருக்கு மூன்று ஆண்டுகள், சி.ஏ.ஆர்-147 ஏற்பு பெற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு இரண்டு ஆண்டுகள் பராமரிப்பு அனுபவம் வேண்டும். அந்த அடிப்படைப் பயிற்சி இவ்வகைகளுக்கு 2,400 மணி நேரம் கொண்டது. எனவே பட்டம் முடித்து மீண்டும் பயிற்சி நிறுவனத்தில் சேர்பவர், சேராமல் நேரடியாகப் பராமரிப்பு நிறுவனமொன்றில் உதவியாளராக நுழைபவரைவிட முன்னதாக உரிமம் பெறுவார் எனச் சொல்லிவிட முடியாது. நுழையும் இடம் கிடைக்குமா என்பதே உண்மையான சிக்கல். செய்யும் ஒவ்வொரு வேலையும் அனுபவப் பதிவேட்டில் (லாக்புக்) குறிக்கப்பட்டு உரியவரால் ஒப்பமிடப்பட வேண்டும். பதிவேட்டைப் பின்னர் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என விட்டுவிடுவது இளைஞர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

தொழில்நுட்பப் பட்டதாரிகள் மூன்று ஆண்டு அனுபவத்துடன் நேரடியாக 'சி' வகை உரிமம் கோரும் வழியும் உண்டு. ஆயினும் வேலைக்கு எடுப்போர் நீண்டகாலம் பி1, பி2 பணியில் இருந்தவர்களையே 'சி' பொறுப்பில் அமர்த்த விரும்புவதால், தாளில் தோன்றும் அளவுக்கு இது குறுக்குவழி அன்று.

உரிமம் கிடைத்த உடனும் கையொப்பமிட முடியாது. ஏர்பசு ஏ320, போயிங் 737 போன்ற பெரிய வானூர்திகளுக்கு அந்தந்த இனத்திற்கான தனிப்பயிற்சி (டைப் ரேட்டிங்) பெற்று உரிமத்தில் பதியவேண்டும். அதன்பின் பணிபுரியும் நிறுவனம் தனது அதிகாரத்தை எழுத்தில் வழங்கவேண்டும். இனப்பயிற்சி செலவு மிக்கது. நிறுவனமே செலவை ஏற்கும்போது சில ஆண்டுகள் பணிபுரிவதாக ஒப்பந்தம் கேட்கப்படுவது வழக்கம்.

கையொப்பமிடாத பொறியாளர்கள்

வானூர்தி நிறுவனங்களில் பட்டதாரிக்கு நேரடியாகப் பொருந்தும் வேறொரு பிரிவும் உள்ளது. அது தொழில்நுட்பச் சேவைப் பிரிவு ஆகும். பறப்புத்தகுதியைத் தொடர்ந்து பேணும் பொறுப்புடைய அமைப்பின் (கேமோ) பகுதியாக இது இயங்குகிறது. எந்த வானூர்தி எப்போது எந்தப் பராமரிப்புக்குச் செல்லவேண்டும் எனத் திட்டமிடுதல், கட்டாயப் பறப்புத்தகுதி ஆணைகளை நிறைவேற்றுதல், அடிக்கடி பழுதாகும் பாகங்களை ஆராய்தல், குத்தகை முடிந்த வானூர்தியை ஆவணங்களுடன் திருப்பி அளித்தல் ஆகியன இதன் வேலைகள்.

இவ்வேலையின் எடை 2023 இல் வெளிப்பட்டது. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ஏ320நியோ வகைப் பொறிகளில், 2015 இறுதி முதல் 2021 வரை தயாரான சில சுழல்தட்டுகளின் உலோகத்தூளில் மாசு கலந்திருந்தது என அவ்வாண்டு சூலையில் அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் பொறிகள் கழற்றிச் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் இண்டிகோ நிறுவனத்தின் பல வானூர்திகள் தரையில் நின்றன. எந்தத் தட்டு எந்தப் பொறியில், அப்பொறி எந்த வானூர்தியில், இதுவரை எத்தனை பறப்புச் சுற்றுகள் என்ற கேள்விகளுக்கு விடை சொன்னவர்கள் இப்பிரிவினரே. இங்கு புள்ளியியலும் தரவுத்தளமும் அறிந்த பட்டதாரிக்கு உரிமம் இன்றியே இடம் உண்டு. எனினும் கொட்டகையில் சிலகாலம் வேலை செய்தவரின் சொல்லுக்கே அங்கும் மதிப்பு அதிகம்.

சேர்வதற்கு முன் அறியவேண்டியவை

வானூர்திப் பராமரிப்பு என்ற பெயரில் வழங்கப்படும் பட்டப்படிப்புகள் அனைத்தும் உரிமப் பயிற்சி ஆகா. பயிற்சி நிறுவனத்திற்கான ஏற்பு ஒவ்வொரு உரிம வகைக்கும் தனித்தனியே வழங்கப்படுவதால், பி1.1 வகைக்கு ஏற்பு பெற்ற நிறுவனம் பி2 வகைக்கும் பெற்றிருக்கும் எனக் கொள்ளலாகாது. கட்டணம் செலுத்துமுன் டி.ஜி.சி.ஏ இணையத்தளத்தில் உள்ள பட்டியலைப் பார்ப்பது நன்று. தொழில் பழகுநர் சட்டம், 1961 இன்படி புதிய பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பழகுநர் இடங்கள் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் வாயிலாக ஒருங்கிணைக்கப்படுகின்றன.

பயணிகள் வானூர்திகள் பெரிதும் பகலில் பறப்பதால் நிலையப் பராமரிப்பு பெரும்பாலும் இரவில் நடைபெறும். 2008 மே மாதம் வரை பெங்களூரின் பயணிகள் நிலையம் ஓசூருக்கு அணுக்கமான எச்.ஏ.எல் வளாகத்தில் இருந்தது. அது நகரின் வடபுறமுள்ள தேவனஹள்ளிக்கு மாறியபின், தளி, ஓசூர்ப் பகுதியினர் அங்கு இரவுப்பணி பார்க்க மாநகர் முழுவதையும் கடக்கவேண்டியுள்ளது. ஓசூரில் பன்னாட்டு வானூர்தி நிலையம் அமைக்கப்படும் என 2024 சூனில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பெங்களூர் நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் வேறு நிலையம் கூடாது என்னும் ஒப்பந்தக் கட்டுப்பாடு 2033 வரை உள்ளது.

உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் குறைந்தது ஆறு மாதங்கள் பராமரிப்புப் பணியில் இருந்தவரே அதனைப் பயன்படுத்தலாம். இந்திய உரிமம் வளைகுடா நாடுகளிலோ ஐரோப்பாவிலோ தானாகச் செல்லாது. அந்தந்த நாட்டு ஆணையத்தின் தேவைகளைத் தனியே நிறைவு செய்யவேண்டும்.