தோசை மாஸ்டரும் ‘சக்தி’ சிப்பும்

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் காலை எட்டு மணிக்கு, தோசைக்கல் கண்ணில் படுகிற மாதிரி ஒரு டிபன் கடையில் உட்காருங்கள். கம்ப்யூட்டர் சிப்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள அந்த அடுப்படியே போதும். சிப்புக்கும் வெளிநாடு போக வேண்டாம், சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலி இருக்கிறது. அதை உள்ளே வைத்து இஸ்ரோவுக்காகச் செய்த ‘ஐரிஸ்’ சிப் 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

முதலில் ஆர்டர். “ரெண்டு கல், ஒரு ரோஸ்ட்” என்கிறார் சப்ளையர். மாஸ்டருக்கு அது போதும். செயலிக்கும் இப்படிச் சுருக்கமான பேச்சு உண்டு: கூட்டு, எடு, வை, சமமாக இருந்தால் அங்கே தாவு. சக்திக்குத் தெரிந்த பேச்சு ரிஸ்க்-ஃபைவ். 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் பிறந்தது. அடிப்படைக் கட்டளைகள் ஐம்பதுக்கும் குறைவு. உரிமத்தொகை கட்டாமல் யாரும் எடுத்தாளலாம் என்பதால் சக்தியை உருவாக்கிய பேராசிரியர் காமகோடியின் குழுவுக்குத் தோதாக அமைந்தது.

அடுத்தது கல். ஒரு தோசை வெந்து இறங்கும்வரை மாஸ்டர் சும்மா நிற்பதில்லை. ஒன்றை ஊற்றும்போதே முந்தையது வேகிறது, அதற்கும் முந்தையது மடிந்து தட்டுக்குப் போகிறது. ஒரு தோசை வேகும் நேரம் துளியும் குறையவில்லை. ஆனாலும் தட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. சக்தியின் சிறிய வகையான இ-வகுப்பிலும் மூன்றே படிகள்தான். ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்தது உள்ளே வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். ‘தாவு’ என்ற கட்டளை வந்தால், தாவுவதா வேண்டாமா என்று தெரியும்வரை கல் காலியாகக் கிடக்குமே? மாஸ்டர் என்ன செய்கிறார்? தினமும் ரோஸ்ட் சாப்பிடுகிறவர் படியேறும்போதே மாவை ஊற்றிவிடுகிறார். பெரிய செயலிகளும் பழைய வழக்கத்தைப் பார்த்து முன்கூட்டியே ஊகித்து வேலையைத் தொடங்கும். அவர் இன்றைக்குப் பொங்கல் கேட்டால் ஊற்றிய தோசை வீண். ஆனால் பெரும்பாலும் கேட்க மாட்டார்!

பிறகு சாமான். உப்பும் எண்ணெயும் கைக்கெட்டும் தூரத்தில், மூட்டைகள் பின்கட்டில். சிப்பிலும் அடிக்கடி வேண்டியது பக்கத்துச் சிறு நினைவகத்தில், மற்றது தொலைவில்.

ராக்கெட்டில் போகும் ஐரிஸுக்கு மட்டும் கூடுதல் காவல். விண்வெளிக் கதிர்த்துகள் பட்டால் நினைவகத்தில் 0 என்றிருப்பது 1 ஆகிவிடலாம். சீட்டில் எழுதிய ‘ரெண்டு’ தானாகவே ‘மூணு’ ஆன மாதிரி. அதனால் பிழையைத் தாங்கும் நினைவகம் வைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு காவல் கடிகாரம். அது கல்லாவில் இருக்கும் முதலாளி மாதிரி: அவருக்கு உள்ளேயிருந்து அவ்வப்போது குரல் வர வேண்டும். வராவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்.

ஐரிஸின் தயாரிப்பு நுட்பம் 180 நானோமீட்டர். புதிய செல்போன் சிப்புகள் 3 நானோமீட்டருக்கு வந்துவிட்டன. ஐரிஸின் நுட்பம் பழசுதான், ஆனால் ராக்கெட்டுக்கு வேகத்தைவிட நிதானம் முக்கியம். சிப்பைத் தயாரிக்கும் வேலை மொகாலியிலுள்ள நம் அரசுக் கூடத்திலேயே முடிந்தது. பிறகு கர்நாடகத்தில் உறையிட்டு, குஜராத்தில் செய்த பலகையில் சென்னையில் பொருத்தி, மறுபடி ஐ.ஐ.டி.க்கே கொண்டுவந்து மின்சாரம் கொடுத்தார்கள். இயங்கியது.