கோடை விடுமுறையும் தொழிலறிவும்

பட்டப்படிப்பு தரும் ஏட்டறிவுடன் தொழிலறிவும் சேர்ந்தாலன்றி மாணவர்க்கு வேலைவாய்ப்பு எளிதாவதில்லை. இதற்கேற்ற காலம் கோடை விடுமுறையே. கொச்சியிலுள்ள வில்லிங்டன் தீவை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்திற்காகக் காயலை ஆழப்படுத்தியபோது கிடைத்த மண்ணைக் கொண்டு, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி உருவாக்கப்பட்டது இத்தீவு. 1928-இல் உள்துறைமுகத்திற்கு முதற்கப்பல் வந்தது. 1947-இல் தொடங்கிய கொச்சித் தேயிலை ஏலம், விலை உருவாகும் விதத்தைப் பொருளியல் மாணவர்க்கு உணர்த்தும். 1957-இல் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீன் பதப்படுத்தலையும் வலைகளையும் ஆராய்கிறது. துறைமுகத்தினுள் செல்ல அனுமதி தேவை. ஆதலால் தேர்வுக்கு முன்னரே கல்லூரி வழியாக விண்ணப்பித்தல் நன்று. ஒரே பொருளைத் தேர்ந்து, அன்றாடம் குறிப்பெழுதி, இறுதியில் அறிக்கை தயாரிக்கலாம். குடும்பத்திற்காக விடுமுறையில் கூலிவேலை செய்யும் மாணவரும், அத்தொழிலின் வரவுசெலவைக் குறித்துவைத்தால், அதுவும் ஆய்வேயாகும்.