உங்களுக்குத் தெரியுமா? - வியர்வைக் கணக்கு

● 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடியவர்களுக்கு வழியில் தண்ணீர் கிடைத்ததே அபூர்வம். வெயில் 32 டிகிரியைத் தொட்டது. மண் சாலை வேறு; கூடவே போன மோட்டார் கார்கள் கிளப்பிய புழுதி முழுக்க ஓடுகிறவர்கள் நெஞ்சுக்குள்தான் போனது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் உடம்பு என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்ட அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன், வேண்டுமென்றே குடிநீர் வசதியைக் குறைத்து வைத்திருந்தார். கிளம்பியவர்கள் 32 பேர், முடித்தவர்கள் 14 பேர். தங்கம் வாங்கிய தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது மறுத்த உதவியாளர்கள், அவர் வாயில் ஊற்றியது என்ன தெரியுமா? முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி, அதோடு கொஞ்சம் ஸ்ட்ரிக்னின். எலி பாஷாணத்தில் போடுவார்களே, அதேதான்! அந்தக் காலத்தில் அது ஊக்க மருந்து, தடையும் கிடையாது. மனிதர் பிழைத்ததே பெரிய விஷயம்.

● வியர்வையில் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் இது ரொம்பவே மாறும். பயிற்சி முடிந்து பனியன் காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிகிறதா? நீங்கள் உப்பு அதிகம் இழக்கிற ரகம்.

● 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குத் தயாரான அமெரிக்க மாரத்தான் வீரர் ஆல்பர்ட்டோ சலஸாருக்கு மணிக்கு 3.7 லிட்டர் வியர்த்தது. சாதாரணமாக ஓடுகிறவர்களுக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை. வயிறு ஒரு மணி நேரத்தில் கீழே தள்ளிவிடக்கூடிய தண்ணீரோ ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். ஆகவே சலஸார் மாதிரி ஆட்கள் எவ்வளவு குடித்தாலும் ஓட்டத்துக்குள் ஈடுகட்ட முடியாது.

● உங்கள் வியர்வைக் கணக்கை அறிய ஆய்வகம் எதுவும் வேண்டாம், எடை பார்க்கும் மெஷின் போதும். பயிற்சிக்கு முன் எடை பாருங்கள். முடித்ததும் உடம்பை நன்றாகத் துடைத்துவிட்டு, ஈரத் துணியைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 60 கிலோ 58.8 ஆகியிருக்கிறது, நடுவில் அரை லிட்டர் குடித்திருக்கிறீர்கள் என்றால், போனது 1.7 லிட்டர். இப்போது குறைந்திருக்கும் 1.2 கிலோவுக்கு ஈடாக ஒன்றரை லிட்டர் அல்லது சற்று மேலே, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் சரியாகிவிடும். குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும் என்பதால்தான் இந்தக் கூடுதல். உப்புள்ள ஏதாவது சேர்த்துச் சாப்பிட்டால் தண்ணீர் உடம்பில் தங்கும்.

● 1986 செப்டம்பர், சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ரன் எடுத்தார். மெட்ராஸ் வெயில், கடல் காற்றின் புழுக்கம், பக்கத்திலேயே பக்கிங்ஹாம் கால்வாயின் நாற்றம். ஓவருக்கு ஓவர் ஆடுகளத்தின் ஓரம் போய் வாந்தி எடுத்தார். சிறுநீரைக் கூட அடக்க முடியவில்லை. முடியாது, வெளியே போகிறேன் என்றவரை, எதிர்முனையில் நின்ற கேப்டன் ஆலன் பார்டர் சீண்டினார்: 'போ, திடமான குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருத்தனை வரச் சொல்கிறேன்' என்கிற தொனியில். விக்டோரியாக்காரரான ஜோன்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது, நின்றார். ஆட்டமிழந்த பிறகு மருத்துவமனையில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். அந்த ஆட்டம் 'டை' ஆனதைப் பற்றி நம்மவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்த இன்னிங்ஸை வீரம் என்று கொண்டாடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பயிற்சியாளர்கள் அதைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்வதில்தான் ஆட்சேபம்.

● அதிகமாகத் தண்ணீர் குடித்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயும் சாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 28 வயதுப் பெண் ஒருவர் அப்படித்தான் இறந்தார். அதே பந்தயத்தில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓடி முடித்தபோது எடை குறையாமல் கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதிகம் மாட்டினார்கள். குமட்டல், தலைவலி, குழப்பம் என்று அறிகுறிகள் நீரிழப்பைப் போலவே இருக்கும். அதனால் பக்கத்தில் நிற்பவர் பதறிப்போய் இன்னும் ஒரு பாட்டிலை நீட்டுவார். அதுதான் வினை.

● 1965-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் ஒருவர் டாக்டர் ராபர்ட் கேடிடம் ஒரு விசித்திரமான சந்தேகம் கேட்டார்: 'ஆட்டம் முடிந்தால் எங்கள் பையன்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை?' வந்தால்தானே! உள்ளே போனதெல்லாம் வியர்வையாகப் போயிருந்தது. உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கலந்து கேட் குழு தயாரித்த முதல் கலவை வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சையைப் பிழியச் சொன்னவர் கேடின் மனைவி மேரி. அணியின் பெயர் கேட்டர்ஸ். பானத்தின் பெயர் கேட்டரேட். கோடிக்கணக்கில் புரளும் அந்த வியாபாரத்தின் தொடக்கம், நம் வீட்டில் விருந்தாளிக்குக் கலக்கும் உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ்தான்.

● சர்க்கரை எதற்கு? 1960-இல் உயிர்வேதியியலர் ராபர்ட் கிரேன் விளக்கினார்: குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் ஒரே வாசலில் நுழைகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் வருகிறது. காலரா நோயாளிக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் வேலை செய்வதும் இதே வழியில்தான். ஆனால் ஓஆர்எஸ்ஸில் உப்பு அதிகம், சர்க்கரை குறைவு. விளையாட்டு பானத்தில் அது தலைகீழ்.

● இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே பயிற்சிக்குப் பின் இளநீர் குடிப்பவர்கள் கூடவே உப்புக்கடலையோ வேறு ஏதாவது உப்புப் பண்டமோ சாப்பிடுவது நல்லது. உப்பு போட்ட மோருக்கு இந்தக் குறை இல்லை, கொஞ்சம் புரதமும் கிடைக்கும்.

● பந்தயத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு இட்லி சாப்பிடலாம். பூரி மசாலா வேண்டாம். எண்ணெய் வயிற்றை விட்டுச் சீக்கிரம் இறங்காது.

● 1966-இல் ஸ்வீடனின் யோனஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் இருவரும் தங்களையே சோதனை எலியாக்கிக்கொண்டார்கள். ஒரே சைக்கிளில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆளுக்கு ஒரு கால் மட்டும் மிதித்தது. களைத்துப் போகும்வரை மிதித்துவிட்டு, அடுத்த மூன்று நாளும் மாவுச்சத்தாகவே சாப்பிட்டார்கள். தினமும் தொடையில் ஊசி குத்தித் தசையை எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் கிளைக்கோஜன் (தசையில் சேரும் மாவுச்சத்து) சேமிப்பு சும்மா இருந்த காலைப்போல இரண்டு மடங்கு! மாரத்தானுக்கு முந்தைய நாட்களில் வீரர்கள் சோறும் பாஸ்தாவுமாக வெளுத்துக்கட்டுவதற்கு இந்தக் காலே சாட்சி. அந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். எடை ஒன்றிரண்டு கிலோ ஏறினால் கொழுப்பு என்று பயப்பட வேண்டாம்.

● ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பெரிய பச்சை வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும், ஏலக்கியில் அதில் பாதிதான்.

● விழுங்கவே வேண்டாம், துப்பினாலும் பலன் உண்டு. 2004-இல் பிரிட்டனில் சைக்கிள் வீரர்களுக்கு இனிப்பே இல்லாத மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு மணி நேரப் பந்தயத்தில் சுமார் 3 சதவீதம் வேகம் கூடியது. வாயில் சாப்பாடு பட்டதுமே மூளை தைரியமாகிவிடுகிறது.

● அமெரிக்க வீரர்கள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் வெள்ளரி ஊறிய வினிகர் தண்ணீரைக் குடிப்பார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் விடுகிறது. அது குடலுக்குப் போய்ச் சேரவே அவ்வளவு நேரம் போதாது. தொண்டையில் புளிப்பு பட்டதும் நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது என்கிறார்கள். நம் ஆவக்காய் எண்ணெயை யாரும் முயல வேண்டாம்.

● 2024 பாரிஸில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் முதல் நாள் மூன்று மல்யுத்தப் போட்டி ஜெயித்தார். இடையில் தெம்புக்குச் சாப்பிட்டதிலும் குடித்ததிலும் எடை ஏறிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வியர்க்க வைத்தும், தலைமுடியை வெட்டியும் காலையில் 100 கிராம் மிஞ்சியது. இறுதிப் போட்டி போனது. 1997-இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர்கள் மூன்று பேர் இப்படி எடை குறைக்கப் போய், சில வார இடைவெளியில் உயிரையே விட்டார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் மாறின.

● காபி உடம்பை வறட்டிவிடும் என்பது பாதி வதந்தி. பழகியவர்களுக்கு ஒன்றிரண்டு டம்ளரால் ஒன்றும் ஆகாது. காபியிலுள்ள கஃபைனோ 2004 வரை விளையாட்டு ஊக்க மருந்துத் தடைப் பட்டியலில் இருந்தது.

● பீட்ரூட் ஜூஸ் தசைக்கு ஆக்ஸிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும். ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே குடிக்க வேண்டும். அதிலுள்ள நைட்ரேட்டை மாற்றித் தருவது நாக்கில் வாழும் பாக்டீரியா. அன்றைக்கு மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் அவை செத்துவிடும், ஜூஸுக்குக் கொடுத்த காசும் வீண். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் டாக்டரிடம் ஓடுவதற்கு முன் முந்தின நாள் என்ன குடித்தோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.