நீரின் கடினத்தைக் காட்டும் நிறம்

ஆரணி, செய்யாறு பகுதி வாசகர்களுக்குப் பட்டுச் சாயப்பட்டறை புதிதன்று. கச்சாப் பட்டு நூலின்மேல் செரிசின் என்னும் பசை படிந்திருக்கும். சோப்பு கலந்த வெந்நீரில் அதை நீக்கிய பின்னரே நூலுக்கு மென்மையும் பளபளப்பும் வரும். அந்த நீர் கடினநீராயின், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் கூடிக் கரையாத படிவமாக நூலில் ஒட்டிக்கொள்ளும். பின்னர்ச் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். பல நாள் உழைத்து நெய்த சேலை விலை குறைந்துபோக இதுவே காரணமாகிவிடக்கூடும்.

கண்ணுக்குத் தெளிவாய்த் தெரியும் நீரில் இவை எவ்வளவு உள்ளன என்று எப்படி அறிவது? சூரிச் நகர வேதியியலார் ஸ்வார்சன்பாக் 1940களில் வகுத்த முறை இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழக்கில் உள்ளது. 50 மில்லி நீரில் அம்மோனியா சேர்ந்த கரைசலையும் எரியோகுரோம் பிளாக் டி என்னும் சாயத்தையும் சிறிது இடுவார்கள். நீர் சிவக்கும். வேதியியல் நூல்கள் இதை மதுவின் நிறம் என்கின்றன. நாம் மாதுளைச் சாற்றின் நிறம் என்போமே! பிறகு இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது அவ்விரு உலோகங்களையும் பற்றிக்கொள்ளும். முழுவதும் பற்றி முடிந்ததும் சிவப்பு நீங்கி நீலம் தோன்றும். வழக்கமான 0.01 மோலார் கரைசலாயின், செலவான ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கடினத்தன்மை என்று கணக்கு. சில நிமிட வேலைதான்.

கடல்நீரை இவ்வாறு சோதிக்க முதலில் நன்கு நீர்க்க வேண்டும். அதன் கடினம் லிட்டருக்கு 6000 மில்லிகிராமுக்கும் மேல். கால்சியத்தைவிட மக்னீசியம் ஏறத்தாழ மும்மடங்கு. மக்னீசிய உப்புகள் கசப்பானவை. அல்ஃபுர்கான் அத்தியாயம் கடலைப் பற்றிக் கூறுமிடத்தில் உப்புடன் கசப்பையும் சேர்த்தே குறிப்பிடுவது இங்கே நினைவுக்கு வருகிறது. ஆயினும் கடல்நீரால் ஒளூச் செய்வது கூடும். கிணற்று நீரின் கடினம் பற்றி ஐயமே வேண்டாம்.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை. இவ்விரு தாதுக்களும் உடலுக்குத் தேவையானவையே. எனவே சோப்பு நுரைக்கவில்லை என்றதும், எண்ணை அறியாமலே ஆயிரக்கணக்கில் செலவிட்டு இயந்திரம் வாங்குவது வீண் செலவு என்பதே எம் கருத்து.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் சோதித்துக்கொள்ளலாம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டமும், ஊருக்கு ஐந்து பெண்களுக்கேனும் நீர்ச் சோதனைப் பயிற்சி தர வழிவகுத்தது. சகோதரிகளே, நீரைக் கொடுக்கும் முன் பாட்டிலை அதே நீரால் மும்முறை அலசுங்கள். கால்சியம், மக்னீசியம் இரண்டின் அளவையும் தனித்தனியே எழுதித் தரக் கேளுங்கள்.