வி வடிவ கிதாரும் வீட்டு வீணையும்

2007-ஆம் ஆண்டு மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 'அயர்ன் மெய்டன்' என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவின் நிகழ்ச்சி. எஞ்சினீயரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகன், பூதத்தின் முகம் அச்சிட்ட கறுப்பு பனியனோடு போனவன், நள்ளிரவில் தொண்டை கட்டி வந்து சேர்ந்தான். மறுநாள் காலை இட்லித் தட்டின் முன் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்: "அப்பா, எனக்கு ஒரு 'வி' கிதார் வேணும்."

வி என்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்தைப் போலவே மரத்தை வெட்டி, நடுவில் கழுத்தைப் பொருத்திய கிதார். விலையோ என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அவனிடம் ஏற்கெனவே ஒரு எலெக்ட்ரிக் கிதார் இருந்தது. பழையதாக வாங்கியது, எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய சாதாரண வடிவம். "மெட்டல் வாசிக்க இது சரிப்படாதுப்பா. காலேஜ்ல சிரிக்கிறாங்க" என்றான்.

என் மனைவி மகன் பக்கம். அவள் அம்மாவின் தஞ்சாவூர் வீணை எங்களோடு பெங்களூர் வந்து சேர்ந்தது. "வீணைக்குக் குடம் எப்படியோ அப்படித்தானே இதுக்கும்? வடிவம் மாறினா நாதம் மாறாதா?" என்றாள். நியாயமான கேள்வி. பலா மரத்தைக் குடைந்து செய்த அந்தக் குடம் இல்லாவிட்டால் வீணை வெறும் முணுமுணுப்புதான்.

நானோ சங்கீதம் அறியாதவன். தொழிற்சாலையில் மோட்டார் வைண்டிங் பிரிவில் 28 ஆண்டுகள் இருந்தவன். ஆனால் அந்தப் பழைய கிதாரில் ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. வீட்டில் டியூப்லைட்டைப் போட்டால் அது 'ங்ங்ங்' என்று இரையும். அது சங்கீதம் இல்லை, நம் மின்வாரியம் அனுப்பும் 50 சைக்கிள் கரண்ட். அந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டுதான் நான் கிதாருக்குள் நுழைந்தேன்.

எலெக்ட்ரிக் கிதாரில் நம் காதுக்கு வருவது மரத்தின் குரல் அல்ல. கம்பிக்கு அடியில் 'பிக்கப்' என்று ஒன்று இருக்கிறது. காந்தம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். மெட்டல் வாசிப்பவர்கள் அதை அளவு மீறிப் பெரிதாக்கி, ஒலியலையின் தலை நசுங்கும்வரை கொண்டுபோகிறார்கள். அந்த உறுமல் அப்படித்தான் வருகிறது. சுருளில் டியூப்லைட் இரைச்சல் கலந்திருந்தால் அதுவும் கூடவே உறுமும்.

இதற்கு மருந்து கண்டவர் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அடித்துக்கொண்டு போகும். காந்த முனைகளும் மாறியிருப்பதால் கம்பியின் ஒலி மட்டும் சேர்ந்து வலுக்கும். படித்ததும் எனக்கு ஒரு சபாஷ் போடத் தோன்றியது. இத்தனை வருஷம் மோட்டார் கட்டியவனுக்கு இது தோன்றவில்லையே!

அப்படியானால் வடிவம்? லெஸ் பால் என்ற அமெரிக்கக் கலைஞர் 1940 வாக்கில் நான்கு அங்குலச் சதுரமான ஒரு மரக்கட்டையில் கம்பியும் பிக்கப்பும் பூட்டி வாசித்தார். ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் பார்ப்பதற்குத் தண்டவாளக் கட்டைபோல இருந்ததால், ஒரு பழைய கிதாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டினார். ஒட்டியது கண்ணுக்காக மட்டும்.

வி வடிவத்தைக் கிப்சன் கொண்டுவந்தது 1958-இல். அப்போது ஹெவி மெட்டல் பிறக்கவே இல்லை. முதல் இரண்டு வருஷத்தில் போனது ஏறத்தாழ நூறு கிதார், சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அதைத் தோளில் மாட்டிப் புகழ் பெற்றவர்களில் முதல்வரிசைக்காரர் ஆல்பர்ட் கிங், ப்ளூஸ் வாசித்தவர். மெட்டல்காரர்கள் பின்னால்தான் வந்தார்கள். இன்னொன்றையும் மகனிடம் சொன்னேன். அவன் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தானே, அந்த அயர்ன் மெய்டனின் டேவ் மர்ரி பெரும்பாலும் வாசிப்பது ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர், 1954-இல் வந்த வளைந்த இடுப்பு வடிவம். இவன் கையில் இருப்பதும் அதன் நகல்தான்! மர்ரி உள்ளே இருந்த ஒற்றைச் சுருளை எடுத்துவிட்டு இரட்டைச் சுருள் போட்டுக்கொண்டார்.

மனைவியின் வாதமும் முழுத் தவறு இல்லை. குடம்போல உள்ளே கூடாக இருக்கும் கிதாரில் மெட்டல் அளவுக்கு ஒலியைக் கூட்டினால், ஸ்பீக்கர் சத்தம் கூட்டை அதிரவைத்து, அது கம்பியை அதிரவைத்து, ஊளையிட ஆரம்பித்துவிடும். வீணையில் மரம் பேச வேண்டும். இங்கே மரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே கெட்டியான கட்டை அவசியம். அந்தக் கட்டை எந்த எழுத்தைப் போல இருந்தால் என்ன?

ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே. இங்கேதான் டோனி அயாமியின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. 'பிளாக் சாபத்' குழுவின் கிதார்க்காரர். ஹெவி மெட்டல் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். 1965-இல், 17 வயதில், பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை. அன்றுதான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தார். தொடங்கிய வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். பழக்கமில்லாத பிரஸ் மெஷினில் வலது கையின் நடு விரலும் மோதிர விரலும் நுனி போயின. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான்.

எங்கள் பிரஸ் ஷாப்பிலும் ஒருவர் இருந்தார், மதுரைப் பக்கத்துக்காரர். பஜனையில் புல்லாங்குழல் வாசிப்பார். இரண்டு விரல் போனபின் குழலைப் பரண்மேல் போட்டுவிட்டார். கடைசிவரை இறக்கவில்லை. நாங்களும் "வாசிங்க அண்ணே" என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

அயாமிக்கு அவருடைய ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீயில் கருகிய கையோடு வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. அதைக் கேட்டபின் அயாமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், அதன்மேல் தோல் ஒட்டினார். தடித்த கம்பி வலித்ததால் மெல்லிய பான்ஜோ கம்பிகளைப் பூட்டினார். 1971-இல் சுருதியையே இறக்கினார். நம் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. கம்பி தளர்ந்தது, ஒலி கனத்தது. அவர் கையில் இருந்தது கிப்சன் எஸ்.ஜி.; கழுத்தின் இரு பக்கமும் வெட்டிவிட்டதால் மேல் மெட்டுகளுக்குக் கை தடையின்றிப் போகும். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் நடந்த குழுவின் கடைசி நிகழ்ச்சியிலும் எஸ்.ஜி.தான்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னபோது அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாக எஸ்.பி. ரோடுக்குப் போய் மெல்லிய வைண்டிங் கம்பி வாங்கினோம், ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு கனம். சுருள் அறுந்துபோன இரட்டை பிக்கப் ஒன்றை கிதார் ரிப்பேர்க்காரர் சும்மாவே கொடுத்தார். மனைவியின் தையல் மெஷினில் மாட்டிச் சுற்றினேன். ஒரு சுருளுக்கு ஏறக்குறைய 5,000 சுற்று. நான்கு தடவை அறுந்தது. மூச்சு விட்டால்கூட அறுகிறது என்று நான் கத்த, மகன் கணக்கை விட்டுவிட்டான். பக்கத்து வீட்டு ஆசாரி உளியால் குழியை அகலமாக்கிக் கொடுத்தார்.

டியூப்லைட்டைப் போட்டுவிட்டு வாசிக்கச் சொன்னேன். இரைச்சல் இல்லை. உறுமியது. மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சத்தம் சூப்பர்ப்பா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சங்க ஆண்டு விழாவுக்கு நீங்க ஏன்ப்பா பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் போறீங்க? லுங்கியில போனா உங்க பேச்சு மாறிடுமா?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

கல்லூரி விழாவில் பழைய கிதாரைத்தான் வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னான், நான் நம்பினேன். 2010-இல் முதல் சம்பளத்தில் கறுப்பு நிற வி ஒன்றை வாங்கிவிட்டான். மேடையில் நின்றுகொண்டு அதை வாசிக்கும்போது, பெற்றவன் சொல்லக்கூடாது, ராஜா மாதிரிதான் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தால் அம்மா வீணையை எடுப்பாள். இவன் பாயில் பக்கத்தில் உட்காருவான். உட்கார்ந்தால் வி தொடையில் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. அதனால் அந்தப் பழையதை எடுத்துக்கொள்கிறான்.