வேனுக்குள்ளே வீடு ஓகே... எத்தனை கிலோ ஏற்றலாம்? மோட்டார்ஹோம் எடைக் கணக்கில் பலரும் சறுக்குவது இங்கேதான்!

நம்ம ஊரில் கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஐரோப்பாவில் கதையே வேறு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை என எல்லாமே உள்ள 6 மீட்டர் வேனில் குடும்பத்தோடு வாரக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். இதுதான் மோட்டார்ஹோம்.

இந்த வண்டியில் அலமாரிக்குப் பஞ்சமே இல்லை. சீட்டுக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே என எங்கே திறந்தாலும் இடம் இருக்கும். சிக்கலே அங்கேதான். இடம் இருக்கிறதே என்று அடுக்கிக்கொண்டே போனால், அலமாரி நிறைவதற்குள் எடை வரம்பு முடிந்துவிடும்.

அது என்ன 3,500 கிலோ?

ஐரோப்பிய நாடுகளில் சாதாரண கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு பொதுவாக 3,500 கிலோ வரையிலான வண்டியைத்தான் ஓட்ட முடியும். பிரிட்டனிலும் 1997 ஜனவரி 1-க்குப் பிறகு டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு இதே கதைதான். அதனால் பெரும்பாலான சின்ன மோட்டார்ஹோம்களை இந்த எண்ணுக்குள் அடக்கித்தான் தயாரிக்கிறார்கள். வண்டி, ஆட்கள், தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 3,500.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் 'ஓடத் தயார் நிலை' எடை 2,900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கு 75 கிலோ, 90 சதவீதம் நிரம்பிய எரிபொருள் டேங்க் இரண்டும் இதிலேயே அடக்கம். மிச்சம் 600 கிலோ. அட, தாராளமாச்சே என்று தோன்றும்.

கூட வரும் 3 பேருக்குத் தலா 75 கிலோ போனால் மிச்சம் 375. வெயிலுக்கு இழுத்துவிடும் கூரை, சோலார் பேனல், இரண்டாவது பேட்டரி போன்ற கூடுதல் வசதிகளுக்கு 120 கிலோ போனால் 255. அடுத்து தண்ணீர். 1 லிட்டர் என்றால் 1 கிலோ. பல கம்பெனிகள் டேங்கில் 10, 20 லிட்டர் மட்டும் இருப்பதாக வைத்தே எடையைச் சொல்கின்றன. டேங்கை நிரப்பினால் இன்னொரு 80 கிலோ. மிச்சம் 175. பின்னால் ஸ்டாண்டோடு இரண்டு எலெக்ட்ரிக் சைக்கிள் மாட்டினால் 60 கிலோ. கடைசியில் கையில் நிற்பது 115 கிலோ. துணி, பாத்திரம், அரிசி, மடக்கு நாற்காலி எல்லாம் இதற்குள்தான்.

இதைவிடப் பெரிய ட்விஸ்ட் ஒன்று இருக்கிறது. பேப்பரில் எழுதிய எடைக்கும் உண்மையான எடைக்கும் நடுவே 5 சதவீதம் வரை வித்தியாசம் இருக்க ஐரோப்பிய விதிகள் அனுமதிக்கின்றன. 2,900-க்கு 5 சதவீதம் என்றால் 145 கிலோ. அவ்வளவும் கூடுதலாக இருந்துவிட்டால், ஒரு பை கூட ஏற்றாமலே வண்டி 30 கிலோ ஓவர்லோடு!

பின் சக்கரம் பத்திரம்

மொத்த எடை சரியாக இருந்தாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. உதாரணமாக முன்னால் 1,850, பின்னால் 2,000 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 3,480 கிலோ இருக்கும் வண்டியில் பின்னால் மட்டும் 2,060 இறங்கினால் அதுவும் ஓவர்லோடுதான்.

இதற்குக் காரணம் நம்ம பார்க்கில் இருக்கும் சீசா பலகை தத்துவம்தான். இரு ஆக்சிலுக்கும் நடுவே 4 மீட்டர் இடைவெளி. பின் ஆக்சிலுக்கு 2 மீட்டர் பின்னால் 60 கிலோ சைக்கிள் தொங்குகிறது. அப்போது பின் ஆக்சிலில் ஏறுவது 60 கிலோ அல்ல, 90 கிலோ. முன்பக்கம் 30 கிலோ லேசாகிவிடும். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால், ஈரமான புல்தரையில் சக்கரம் சும்மா சுழலுமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். கனமான சாமானை இரு ஆக்சிலுக்கும் நடுவே தாழ்வாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

மாட்டினால் என்ன ஆகும்?

ஜெர்மனியில் 20 சதவீதத்துக்கு மேல் ஓவர்லோடு என்றால் 95 யூரோ அபராதம், லைசென்ஸ் பதிவில் 1 பாயின்ட். பிரிட்டனில் அளவைப் பொறுத்து 100 முதல் 300 பவுண்டு. 30 சதவீதம் தாண்டினால் கோர்ட். எடையைக் குறைத்தால்தான் வண்டி நகரலாம் என்று போலீஸ் சொன்னால், குடும்பமே சாமானோடு ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எடை கூடக்கூட பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரமும் கூடும், டயர் சூடேறி வெடிக்கும் அபாயமும் கூடும்.

எடையை உடனே குறைக்கச் சுலபமான வழி தண்ணீர்தான். கிளம்பும் முன் கழிவுநீர் டேங்கைக் காலி செய்துவிட்டு, நல்ல தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். பதிவில் வரம்பையே உயர்த்தும் வழியும் உண்டு. ஆனால் அதற்குப் பெரிய லைசென்ஸ் தேவைப்படலாம். ஆஸ்திரியா போன்ற நாடுகளில் 3.5 டன்னைத் தாண்டிய வண்டிக்கு டோல் முறையே மாறிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எடை மேடைக்கு ஒரு நடை போய் வருவது நல்லது. காலி வண்டியோடு போய்ப் பயனில்லை. டீசல், சாமான் எல்லாம் ஏற்றி, குடும்பமும் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். மொத்தமாக ஒருமுறை, முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒருமுறை, பின்சக்கரம் மட்டும் ஒருமுறை என மூன்று சீட்டு வாங்க வேண்டும். டயருக்கு எவ்வளவு காற்று என்பதையும் அந்த ஆக்சில் எடையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.