இறையிலியும் மானியமும்

'இறையிலி' என்று இன்று ஒரு கல்லூரி மாணவரிடம் சொன்னால் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று எடுத்துக்கொள்வார். அவர்மேல் தப்பில்லை. சோழர் காலத்து ஊர்க்கணக்கரிடம் சொல்லியிருந்தால் அவர் நிலத்தைக் காட்டியிருப்பார். அவருக்கு இறை என்பது வரி. இறுப்பது இறை, 'கடன் இறுத்தான்' என்கிறோமே, அந்த இறுத்தல்தான். வரி இறுக்க வேண்டாத நிலம் இறையிலி நிலம். வரி வாங்கும் அரசனுக்கும் இறை என்றே பெயர். குறளில் அவனுக்கான அதிகாரம் இறைமாட்சி.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தச் சொல் கணக்குப் போடுகிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களின் மொத்த நிலத்தைச் சொல்லி, ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு எல்லாவற்றையும் இறையிலி என்று கழித்துவிடுவார்கள். மிஞ்சிய நிலத்துக்குத்தான் வரி.

தானமாக வந்த நிலம் இறையிலி ஆவதில் ஒரு சூட்சுமம் உண்டு. தானம் கொடுப்பவர் சில ஊர்களில் சபையிடம் ஒரு தொகையை மொத்தமாகக் கட்டினார். அது இறைத்திரவியம். அதை வாங்கிக்கொண்ட சபை, அந்த நிலத்தின் வரியை இனித் தானே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. வரி எங்கும் போய்விடவில்லை, தலை மாறியது. இன்றைய வரிவிலக்கு அறிவிப்புகளைப் படிக்கும்போதும் யார் தலை என்று பார்ப்பது என் வழக்கம்.

பிறகு மானியம், சர்வமானியம், அரபியிலிருந்து வந்த இனாம் என்று சொற்கள் மாறின. ஆங்கிலேயர் 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் வைத்து யாருக்கு என்ன உரிமை என்று துருவினார்கள். 1963-இல் வந்த சட்டங்கள் இனாம் முறையையே ஒழித்து, நிலங்களை ரயத்துவாரியில், அதாவது நிலம் வைத்திருப்பவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறையில், சேர்த்தன. மானியம் என்ற சொல் மட்டும் பிழைத்தது, அதுவும் ஆள் மாறி. அன்று அரசுக்கு வரி கட்ட வேண்டாத நிலம். இன்று சிலிண்டருக்காக வங்கிக் கணக்கில் அரசு போடும் பணம்.

பத்திரங்களில் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. நீங்கள் வாங்கப்போகும் மனையின் தாய்ப் பத்திரத்தில் 'இனாம்', 'மானியம்' என்று கண்டால், அது கோயில் ஊழியத்துக்கு விட்ட நிலமா, 1963-க்குப் பின் யார் பெயரில் பட்டா ஆனது என்று வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.